தேர்வு என்னும் பாவனை: இயங்குதளமும் தமிழ் எழுத்தும்

1

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. அந்த வாரத்தில் ஒருநாள், நாகர்கோவில் வடசேரிப் பக்கம் நான் வழக்கமாகப் போகும் டி.டி.பி. கடையில் உட்கார்ந்து மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தேன். அங்கே இருபது வருடத்துக்கு மேலாகத் தட்டச்சு செய்துவரும் பெண் திரையைக் காட்டிச் சொன்னார்: 'அண்ணாச்சி, இந்தப் பெட்டி இனி கொள்ளாதாம். புதுசு வாங்கணுமாம்.'

'ஏன், அதுக்கு என்ன கேடு?'

'கேடு ஒண்ணுமில்ல. நல்லாத்தான் ஓடுது. அவனுவ சொல்லுதானுவ.'

நல்லாத்தான் ஓடுது, அவனுவ சொல்லுதானுவ. கணிப்பொறியின் அரசியல் பொருளாதாரம் பற்றி எத்தனையோ கட்டுரைகள் படித்திருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

விண்டோஸ் 11 ஓட வேண்டுமானால் பெட்டிக்குள் குறிப்பிட்ட வகைப் பாதுகாப்புச் சில்லு இருக்க வேண்டும். இன்டெல் செயலகம் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆக இருக்க வேண்டும். கடையில் இருந்தது ஆறாம் தலைமுறை. விலை கொடுத்தோ, நிறுவனத்தின் கணக்கில் சேர்ந்தோ இன்னும் ஓராண்டு பாதுகாப்புத் திருத்தங்களைப் பெறலாம். அதற்குப் பிறகு இரண்டே வழி: பெட்டியை மாற்று, அல்லது இயங்குதளத்தை மாற்று.

இந்த இடத்தில்தான் 'தேர்வு' என்ற சொல் உள்ளே வருகிறது. நண்பர்களிடம் கேட்டால் இரண்டு குரல்கள். ஒன்று, 'லினக்ஸைப் போடும் ஓய், அதுதான் விடுதலை' என்கிறது. மற்றது, 'எல்லாம் கருவிதானே, எதுல அடிச்சா என்ன, எழுதினது நல்லா இருக்கணும்' என்கிறது. இரண்டும் எதிரெதிரானவை போலத் தோன்றினாலும் ஒரே இடத்திலிருந்து பேசுபவை. தனிமனிதன் ஒருவன் கடைத்தெருவில் நின்று இரண்டு சரக்குகளில் ஒன்றை எடுக்கிறான் என்ற சித்திரம் இரண்டுக்கும் பொது. இந்தச் சித்திரமே பொய் என்பதுதான் இக்கட்டுரையின் வாதம். இயங்குதளத்தைத் தனியாள் தேர்ந்தெடுப்பதில்லை. அதைப் பிடித்து நிறுத்தக்கூடிய கூட்டு ஒன்று இருக்கும் இடத்தில் மட்டுமே தேர்வு இருக்கிறது. மற்ற இடங்களில் இருப்பது தேர்வின் பாவனை.

2

'கருவிதானே' என்பவர்களுக்கு முதலில் ஒரு சின்ன விஷயம். 'கொ' என்று ஒரு எழுத்தைத் தட்டுகிறோம். யூனிகோடு முறையில் கணிப்பொறி அதை 'க', அதன்பின் ஒகரக் குறி என்ற வரிசையில் சேமிக்கிறது. திரையிலோ ஒற்றைக்கொம்பு முன்னால் வர வேண்டும், நடுவில் 'க', பின்னால் கால். வரிசையை உருவமாக மாற்றும் இந்த வேலையை யார் செய்கிறார்கள்? பெரும்பாலும் இயங்குதளமும் அதோடு ஒட்டிய அடுக்குகளும். ஆங்கில எழுத்துக்கு இந்தச் சிக்கல் கிடையாது. ஒரு எண்ணுக்கு ஒரு உருவம் என்று தீர்ந்துவிடும். ஆக ஆங்கிலத்தில் எழுதுபவர், தன் இயங்குதளத்துக்குத் தன் மொழி தெரியுமா என்று ஒருபோதும் கேட்க வேண்டியதில்லை. தமிழில் எழுதுபவர் கேட்டே ஆக வேண்டும்.

1990-களில் நம் கைக்கு வந்த விண்டோஸ் 95-க்கும் 98-க்கும் தமிழ் தெரியாது. யூனிகோடின் முதல் பதிப்பு 1991-லேயே வந்துவிட்டது, அதில் தமிழுக்கு இடமும் இருந்தது. ஆனால் விண்டோஸ் வரிசையில் தமிழ் யூனிகோடுக்கு ஆதரவு 2000-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் நாம் என்ன செய்தோம்? ரோமன் எழுத்துகளும் ஐரோப்பியக் குறிகளும் உட்கார்ந்திருந்த 256 இடங்களில் அவற்றின் உருவங்களைக் கழற்றிவிட்டுத் தமிழ் உருவங்களை மாட்டினோம். கணிப்பொறியைப் பொறுத்தவரை அது ரோமன் எழுத்துதான். நாம்தான் தமிழ் என்று வாசித்தோம். கணிப்பொறிக்குத் தெரியாமல் அதில் தமிழ் எழுதினோம் என்று சொல்லலாம்.

இதில் ஒரு சாமர்த்தியம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் எழுத்துரு செய்த ஒவ்வொருவரும் ஒவ்வொரு வரிசையில் மாட்டினார்கள். ஒரு கடையில் அடித்ததை அடுத்த கடையில் திறந்தால் குப்பை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாடு இந்தக் குழப்பத்தைத் தீர்க்க டாம், டாப் என்ற இரு குறியீட்டு முறைகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் முன்வைத்தது. தமிழக அரசு யூனிகோடை முறைப்படி ஏற்றது 2010-இல். அதற்குள் இரண்டு தலைமுறைக் கோப்புகள் சேர்ந்துவிட்டன.

ஈய எழுத்துக் கோத்து 'சதங்கை'யும் 'கொல்லிப்பாவை'யும் வந்த ஊர் இது. 1988-இல் 'காலச்சுவடு' தொடங்கியதும் இங்குதான். தமிழ்ச் சிற்றிதழ்கள் 1990-களில் பெருகியதற்கு டி.டி.பி. ஒரு முக்கியக் காரணம். அச்சுக்கோப்பவரின் கூலியும் நாளும் மிச்சமாயின. தலித்தியம், பெண்ணியம், பின்நவீனத்துவம் என்று நாம் அறிவித்த கலகங்களில் பெரும்பகுதி பேஜ்மேக்கரில், விண்டோஸில், ஏதோ ஒரு எழுத்துருவில் தட்டப்பட்டவை. மொழிக்குள் அதிகாரம் செயல்படும் விதம் பற்றி ஃபூக்கோவை மேற்கோள் காட்டிப் பக்கம் பக்கமாக எழுதினோம். அந்தப் பக்கங்கள் எந்த ஒழுங்கின் அனுமதியோடு பக்கங்களாயின என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அன்று இயங்குதளத்தை நாம் தேர்ந்தெடுக்கவில்லை. அச்சகம் தேர்ந்தெடுத்தது, அச்சகத்துக்கு பேஜ்மேக்கர் தேர்ந்தெடுத்தது.

3

எழுத்தின் உருவத்தை எந்திரம் தீர்மானிப்பது கணிப்பொறியோடு தொடங்கியதல்ல. சார்லஸ் மீட் 1820-களின் தொடக்கத்தில் லண்டன் மிஷன் சார்பில் நாகர்கோவிலில் நிறுவிய அச்சகம் திருவிதாங்கூரின் ஆகப் பழைய அச்சகங்களில் ஒன்று. அதற்கு முன் இங்கே எழுத்து ஓலையில் இருந்தது. வில்லுப்பாட்டுப் புலவர் ஏட்டைப் படியெடுத்துக்கொள்வார், தன் ஊர்த் தெய்வத்துக்கும் தன் கூட்டத்தின் நினைவுக்கும் ஏற்றபடி மாற்றிக்கொள்வார். ஒரே கதைப்பாடலுக்கு இத்தனை பாடபேதங்கள் இருப்பதன் காரணம் இதுதான். இதைக் காட்டி, கட்டற்ற மென்பொருள் நம் மரபிலேயே இருந்தது என்று மார்தட்ட நான் தயாரில்லை. ஏட்டைத் தொடக்கூடாதவர்கள் என்று பாதி ஊரை வெளியே நிறுத்தி வைத்திருந்த மரபும் இதுவே. அச்சு வந்ததில்தான் அவர்களில் பலருக்கு எழுத்தே கிடைத்தது. ஓலை அப்படியொன்றும் சுதந்திரமில்லை, ஈயம் அப்படியொன்றும் அடிமைத்தனமும் இல்லை. யார் கையில், யாரோடு சேர்ந்து என்பதே கேள்வி.

பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை இந்தக் கோணத்தில் மறுபடி பார்க்க வேண்டும். 1935-இல் அவர் தன் பத்திரிகையில் புதிய எழுத்துருவங்களைப் பயன்படுத்தத் தொடங்கினார். 'ணை', 'லை', 'னை' முதலியவற்றின் பழைய துதிக்கை போனது. தமிழக அரசு அதை ஏற்றது 1978-இல். நடுவில் நாற்பத்து மூன்று ஆண்டுகள். தன் வாழ்நாளில் அவர் யாருடைய அனுமதிக்காகவும் காத்திருக்கவில்லை. காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போனதற்குக் காரணம் அவருடைய கருத்தின் வலிமை மட்டுமல்ல. அச்சும் பத்திரிகையும் இயக்கத்தின் கையில் இருந்தன; அதை வாசித்துப் பழகிக்கொள்ள ஒரு இயக்கம் இருந்தது. இன்றைய பாஷையில் சொன்னால், மூலநிரல் கையில் இருந்தது, அதைத் திருத்தினார், திருத்தியதை ஓட்டிக் காட்டினார்.

கேரளத்தில் இதற்குத் தலைகீழாக ஒன்று நடந்தது. தட்டச்சுப்பொறிக்கு வசதியாக 1971-இல் மலையாள எழுத்து வெட்டிக் குறைக்கப்பட்டது. 1999-இல் தொடங்கிய 'ரசனா' இயக்கம், எந்திரத்துக்காக எழுத்தை வெட்டியது போதும், எழுத்துக்கேற்ப எந்திரத்தை மாற்றுவோம் என்று பழைய கூட்டெழுத்துகளைக் கணிப்பொறியில் மீட்டது. சீர்திருத்தம் சரியா, மீட்பு சரியா என்பது வேறு விவாதம். இரண்டு பக்கமும் எழுத்து தம் கைக்கு எட்டக்கூடியது என்று நினைத்தார்கள் என்பதே இங்கு முக்கியம். விண்டோஸின் முன்னால் உட்கார்ந்த நமக்கு அந்த நினைப்பே வரவில்லை.

4

'நாம எங்கவே காசு குடுத்தோம், எல்லாம் ஓசி சிடிதானே' என்று ஒரு தோழர் சொன்னார். உண்மை. 1990-களில் உதிரிப் பாகங்களைக் கோத்துத் தந்த பெட்டிகளில் விலை கொடுத்து வாங்கிய விண்டோஸ் அபூர்வம். பன்னாட்டு நிறுவனத்தின் சரக்கைத் திருடிப் பயன்படுத்துவதை ஒருவித எதிர்ப்பாகவே நம்மில் பலர் கருதினோம். ஏகாதிபத்தியத்தின் பையிலிருந்து கிள்ளியது எவ்வளவோ அவ்வளவும் லாபம் என்ற கணக்கு.

கணக்கு தப்பு. 1998-இல் பில் கேட்ஸ் சீனாவில் நடக்கும் மென்பொருள் திருட்டைப் பற்றி வெளிப்படையாகவே பேசினார். திருடுவதானால் தங்களுடையதையே திருடட்டும், அதில் பழகிவிடுவார்கள், பிற்பாடு வசூலிக்க வழி கண்டுபிடித்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். நாம் கலகம் என்று நினைத்துச் செய்தது பயிற்சி. ஒவ்வொரு ஓசி சிடியும் ஒரு விரலை, ஒரு கண்ணை, ஒரு பழக்கத்தை உருவாக்கியது. இருபது வருடம் கழித்து, 'அதுல அடிச்சே பழகிட்டு' என்று கடைப்பெண் சொல்லும்போது வசூல் தொடங்கிவிட்டது என்று பொருள். பெட்டியை மாற்று என்ற உத்தரவுதான் பில்.

கிராம்ஷி மேலாண்மையைப் பற்றிப் பேசும்போது வன்முறையை மட்டுமல்ல, இசைவையும் சொன்னார். உரிம ஒப்பந்தத்தின் அடியில் இருக்கும் 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற பொத்தானைவிட எளிதான இசைவு உலகில் இல்லை. ஒருவரும் அதைப் படிப்பதில்லை. படித்தால் தெரியும்: நாம் மென்பொருளை வாங்கவில்லை, பயன்படுத்த அனுமதி பெறுகிறோம். எப்படிப் பயன்படுத்தலாம் என்பதை அனுமதி தந்தவன் சொல்வான். திறந்து பார்க்கக்கூடாது, திருத்தக்கூடாது, அடுத்தவனுக்குக் கொடுக்கக்கூடாது.

அனுமதிக்கும் உரிமைக்கும் உள்ள வித்தியாசம் இந்த மாவட்டத்துக்காரர்களுக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டியதல்ல. 1859 ஜூலையில் திருவிதாங்கூர் அரசு பிறப்பித்த ஆணை, அன்று சாணார் என்று குறிக்கப்பட்ட நாடார் பெண்கள் மேலாடை அணிய அனுமதித்தது. ஆனால் மேல்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியக்கூடாது என்றும் சொன்னது. அணியலாம், நான் சொல்லும் விதத்தில். ஒரு மென்பொருள் உரிமத்தையும் உடம்பின் மீது நடந்த அந்தச் சாதிக் கொடுமையையும் ஒரே தட்டில் வைப்பது மடத்தனம். நான் வைக்கவில்லை. அனுமதி என்பதன் இலக்கணம் ஒன்று என்று மட்டும் சொல்கிறேன்: தருவதுபோலத் தந்து, விதத்தைத் தன்னிடம் வைத்துக்கொள்வது. 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்ததும், 1989-இல் குனு பொது உரிமத்தை எழுதியதும் இந்த இலக்கணத்துக்கு எதிராகத்தான். ஓட்டலாம், பிரித்துப் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதையும் பகிரலாம். பகிரும்போது அதே உரிமைகளைப் பெறுபவருக்கும் கொடுக்க வேண்டும். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கருனி அடுத்த ஆண்டே இந்த உரிமத்தின் கீழ் வந்தது. விலை இல்லை என்பதல்ல அதன் விசேஷம். ஓசி விண்டோஸும் விலை இல்லாமல்தான் கிடைத்தது.

5

இனி களியக்காவிளைக்குப் போவோம். 1954 ஆகஸ்ட் 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் போயின. 1956 நவம்பர் 1-இல் அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. மொழிக்காகப் போட்ட எல்லை அது. இந்தப் பக்கம் களியக்காவிளை, அந்தப் பக்கம் பாறசாலை. அதே ரப்பர், அதே மரச்சீனி, கொண்டும் கொடுத்தும் உறவான குடும்பங்கள். ஆனால் பள்ளிக்கூடக் கணிப்பொறியைத் திறந்தால் வேறு வேறு நாடுகள்.

2001 ஜூலையில் ஸ்டால்மன் முன்னிலையில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்டது. அதையொட்டிய காலத்தில்தான் கேரளப் பள்ளிகளுக்கான ஐ.டி. அட் ஸ்கூல் திட்டமும் வந்தது. அதன் ஆரம்பப் பாடங்கள் விண்டோஸை நம்பியவை. ஒரே நிறுவனத்தின் சரக்கைப் பாடமாக வைப்பதா என்று ஆசிரியர் சங்கத்தினரும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களும் எதிர்த்தார்கள். முதலில் லினக்ஸ் ஒரு மாற்றாக உள்ளே வந்தது. 2000-களின் பிற்பகுதிக்குள் பத்தாம் வகுப்புத் தேர்வு வரை லினக்ஸ் என்றாகிவிட்டது. ஆசிரியர்கள் ஆயிரக்கணக்கில் பயிற்சி பெற்றார்கள், ஒருவர் மற்றவருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், பள்ளிக்கென்றே ஒரு லினக்ஸ் வழங்கலைத் தயாரித்து ஆண்டுக்காண்டு திருத்தினார்கள். 2017-இல் திட்டத்தின் பெயர் 'கைட்' என்று மாறியது, லினக்ஸ் மாறவில்லை. அங்குள்ள தமிழ்வழிப் பள்ளிகளுக்கு அந்தப் பாடநூல் தமிழிலும் இருக்கிறது.

இந்தப் பக்கம் என்ன நடந்தது? ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்வது அநியாயம். 2006-க்குப் பிறகு எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்த சி. உமாசங்கர் அந்த நிறுவனத்தையும் அது அரசுக்கு வாங்கிய கணிப்பொறிகளையும் சுசே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபிஸுக்கும் மாற்ற முனைந்தார். அன்றைய இந்தியாவில் அது துணிச்சலான காரியம். 2008-இல் அவர் அங்கிருந்து மாற்றப்பட்டார். லினக்ஸ் தமிழகப் பள்ளியின் பழக்கமாக வேர்பிடிக்கவில்லை. 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இடம்பெற்றது. இரண்டும் இருக்கிறது, பிள்ளைகள் தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும் என்ற ஏற்பாடு. வெளியிலிருந்து பார்த்தால் கேரளத்தைவிட ஜனநாயகமானது. அங்கே ஒன்றுதான், இங்கே இரண்டு. நடந்தது என்ன? மடிக்கணினி வாங்கிய என் பக்கத்து வீட்டுப் பையன் சொன்னான்: 'அந்த லினக்ஸ அழிச்சிட்டா படம் வைக்க எடம் கிடைக்கும் மாமா.' அழித்தான். அவனுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை, அதில் பாடம் இல்லை, அதில் தேர்வு இல்லை, அதைத் தெரிந்த கூட்டாளி ஒருவனும் இல்லை. அவன் தேர்ந்தெடுத்தான் என்று சொல்வோமா?

இங்குதான் என் வாதம் நிற்கிறது. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் அறிவாளிகள், நாம் மட்டிகள் என்பதல்ல. அந்தப் பக்கம் ஒரு கூட்டு இருந்தது. சண்டை போட்ட ஆசிரியர்கள், அவர்களுக்குத் துணைநின்ற நிரலாளர்கள், காதுகொடுக்க வேண்டிய கட்டாயத்திலிருந்த அரசு. இந்தப் பக்கம் ஒரு அதிகாரி இருந்தார். அதிகாரி மாறினால் கொள்கை மாறும். ஆயிரம் ஆசிரியர்களை மாற்ற முடியாது. தமிழுக்காக உயிர் கொடுத்துச் சேர்ந்த மண்ணில் கணிப்பொறியில் தமிழ் ஒரு எழுத்துருவாக மட்டும் எஞ்சியதற்கும், எல்லைக்கு அப்பால் அது பாடமானதற்கும் காரணம் மொழிப்பற்றின் அளவு அல்ல, அமைப்பு.

6

இதைச் சொன்னவுடன் லினக்ஸ் நண்பர்கள் உற்சாகமாகிவிடுவார்கள். அவர்களிடமும் சொல்ல வேண்டியது இருக்கிறது.

லினக்ஸ் என்ற பெயரே விடுதலை என்றால் நாம் எல்லோரும் என்றோ விடுதலை அடைந்துவிட்டோம். நம் சட்டைப்பையில் கிடக்கும் ஆண்ட்ராய்டு போன் ஓடுவது லினக்ஸ் கருனியின் மேல்தான். அந்தப் போனில் எந்தச் செயலி இருக்கலாம், எதை நீக்க முடியாது, நம்மைப் பற்றிய எந்தத் தகவல் எங்கே போகும் என்பதை நாமா தீர்மானிக்கிறோம்? மூலநிரல் திறந்திருப்பது தேவையான நிபந்தனை, போதுமான நிபந்தனை அல்ல. திறந்த கதவுக்குள் நுழைய ஆள் வேண்டும்.

அடுத்தது தமிழாக்கம். 2000-ஆம் ஆண்டை ஒட்டித் தமிழ்நாடு, ஈழம், மலேசியா, சிங்கப்பூர், புலம்பெயர் நாடுகள் என்று சிதறிக் கிடந்த தன்னார்வலர்கள் கே.டி.ஈ., ஓப்பன் ஆபிஸ் முதலியவற்றைத் தமிழாக்கினார்கள். சம்பளம் இல்லாத உழைப்பு. 'கோப்பு' என்ற சொல் இன்று சாதாரணமாகப் புழங்குவதில் அவர்களுக்குப் பங்குண்டு. அவர்களை வணங்குகிறேன். ஆனால் அந்தத் தமிழாக்கத்தின்போது, கணிப்பொறியில் அன்றாடம் தமிழ் அடித்துப் பிழைத்துக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான டி.டி.பி. பெண்களிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? கடைப்பெண்ணிடம் தமிழ் இடைமுகத்தைப் போட்டுக் காட்டினேன். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, 'அண்ணாச்சி, இதுக்கு இங்கிலீசே கொள்ளாம். இதுல உள்ள தமிழ் எனக்கு மனசிலாகல்ல' என்றார். தமிழைத் தட்டியே கண் கெட்டவரின் தீர்ப்பு இது. நிபுணனுக்கும் உழைப்பாளிக்கும் நடுவில் உள்ள வேலி கட்டற்ற மென்பொருளுக்குள்ளும் இருக்கிறது.

மூன்றாவது, காத்திருப்பு. தனியுடைமை மென்பொருள் தமிழைக் காக்க வைத்தது என்றால் கட்டற்ற மென்பொருளும் காக்க வைத்தது. பக்க வடிவமைப்புக்கான ஸ்கிரைபஸில் தமிழ் போன்ற எழுத்துகள் சரியாக அமையும் ஏற்பாடு நிலையான பதிப்புக்கு வந்து சேர 2024 ஆயிற்று. அதுவரை 'லினக்ஸுக்கு மாறுங்கள்' என்று சிற்றிதழ்க்காரனிடம் சொன்னது, கிணறு வெட்டும் முன்பே வாளியை நீட்டிய கதை. அவன் மாறாததை அறியாமை என்று எழுதினார்கள். அது அறியாமை இல்லை. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும் என்ற நிர்ப்பந்தம்.

7

கடைசியாக, எது பணயம் என்பதைப் பேசிவிட வேண்டும். அந்தக் கடையில் ஒரு பழைய ஓலைப்பெட்டி நிறைய ஃபிளாப்பிகளும் சிடிகளும் இருக்கின்றன. இருபத்தைந்து, முப்பது வருடத்துச் சரக்கு. நின்றுபோன சிற்றிதழ்கள், ஊர்க் கூட்டங்களின் துண்டறிக்கைகள், வில்லுப்பாட்டு ஏட்டிலிருந்து ஒருவர் பார்த்து எழுதியவை, அச்சேறாமல் போன ஒரு நாவல். எழுதியவர்களில் சிலர் இப்போது இல்லை. அச்சான பிரதி கிடைக்காதவையும் அதில் உண்டு. பேஜ்மேக்கரின் 7.0 பதிப்பு 2001-இல் வந்தது. அதற்குப் பிறகு புதிய தலைமுறை வரவேயில்லை. இரண்டு நூற்றாண்டுக்கு முந்திய ஓலையைத் தூசி தட்டி வாசித்துவிடலாம். 1997-இல் அடித்ததை வாசிக்க, செத்துப்போன ஒரு செயலியும் அது ஓடிய இயங்குதளமும் அந்த எழுத்துருவும் சேர்ந்து உயிர்த்தெழ வேண்டும்.

முழுக்க நம்பிக்கையற்ற நிலை அல்ல. உரிமையாளர் கைவிட்ட கோப்பு வடிவங்களைப் பிரித்து ஆராய்ந்து திறக்கும் வேலையைச் செய்யும் தன்னார்வலர்கள் 2014-இல் ஆவண விடுதலைத் திட்டம் என்ற பெயரில் ஒன்றுசேர்ந்தார்கள். அதன் பயனாக 2015-இல் வந்த லிப்ரே ஆபிஸ் 4.4 பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கத் தொடங்கியது. நாங்கள் முயன்றோம். பத்தி கலைந்து, படம் இடம் மாறி, ஆனால் எழுத்து வந்தது. ரோமன் குப்பையாக வந்த அதை, சுரதா யாழ்வாணனின் 'பொங்குதமிழ்', நியூ ஹொரைசன் மீடியாவின் மாற்றி போன்றவற்றில் இட்டால், தெரிந்த எழுத்துருவாக இருக்கும்பட்சத்தில் தமிழாகிறது. தெரியாத எழுத்துருவுக்கு நாமே உட்கார்ந்து எந்தக் குறிக்கு எந்த எழுத்து என்று பட்டியல் போட வேண்டும். அந்தப் பட்டியல் கடைப்பெண்ணின் விரலில் இருக்கிறது. வேறெங்கும் இல்லை. லிப்ரே ஆபிஸ் விண்டோஸிலும் ஓடும் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். இதற்கு லினக்ஸ் கட்டாயமில்லை. கட்டாயமானது, திறந்து பார்க்கும் உரிமையும் அதைப் பயன்படுத்தத் துணியும் கைகளும்.

ஆகவே எந்த இயங்குதளத்தைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு என் பதில், தனியாகத் தேர்ந்தெடுக்காதே என்பதே. ஒரு சிற்றிதழ், ஒரு டி.டி.பி. கடை, இரண்டு ஆசிரியர்கள், பொறியியல் படித்துவிட்டு ஊரில் சும்மா நிற்கும் ஒரு பையன் என்று ஐந்து பேர் சேர்ந்தால் பழைய பெட்டிகளில் லினக்ஸைப் போட்டு ஓட்டலாம். ஒருவருக்கு மாட்டினால் மற்றவர் எடுத்துவிடுவார். சேர முடியாவிட்டால் விண்டோஸிலேயே இருந்துகொண்டு, எழுதுவதை யூனிகோடிலும் யாரும் திறக்கக்கூடிய கோப்பு வடிவத்திலும் வைக்கலாம். இரண்டாவது சமரசம்தான். சமரசம் என்று தெரிந்து செய்வது வேறு, தேர்வு என்று நம்பிச் செய்வது வேறு.

கடையில் இருந்த அந்த ஆறாம் தலைமுறைப் பெட்டியில் இப்போது லினக்ஸ் ஓடுகிறது. புதிய வேலைகளுக்குப் பக்கத்தில் ஒரு விண்டோஸ் பெட்டியும் இருக்கிறது. வாடிக்கையாளர்கள் கொண்டுவருவது அதில்தான் திறக்கும். மாலையில் கூட்டம் குறைந்த பிறகு அந்தப் பெண் ஓலைப்பெட்டியிலிருந்து ஒரு சிடியை எடுத்து வைத்துப் பார்க்கிறார். போன வாரம் ஒரு துண்டறிக்கை முழுதாக வந்தது. 'இது நான் அடிச்சதுதான் அண்ணாச்சி, எனக்கு நல்ல ஓர்மை இருக்கு' என்றார். அந்தப் பட்டியலில் இன்னும் பதினோரு குறிகளுக்கு எழுத்து தெரியவில்லை.